அரிசி அகலக் கீறல்

அத்தியாயம் ஐந்து

மூன்று நாளாக அந்த டிரைவ் இருமிக்கொண்டிருந்தது.

பாலக்கரையில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்த தன் துப்பறியும் அலுவலகத்தில், லேப்டாப்போடு ஒரு ஒயரில் இணைந்து கிடந்த அந்தத் தட்டையான டிவிடி டிரைவை பிலோமின்ராஜ் முறைத்துப் பார்த்தார். உள்ளே டிஸ்க் சுற்றும், நாலு தடவை கரகரக்கும், பிறகு நின்றுவிடும். திரையில் அதே பல்லவி வரும்: இந்த டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை.

"சார், இதுக்கு கொஞ்சம் சுக்குக் கஷாயம் வச்சுக் குடுக்கவா?" என்றாள் ஜெஸிமா. "கேக்கவே பாவமா இருக்கு."

ஜெஸிமா அவருடைய உதவியாளர். முப்பது வயது. சட்டப் படிப்பை இரண்டாம் வருஷத்தோடு நிறுத்தியவள், வாயை மட்டும் இன்றுவரை நிறுத்தவில்லை. மேஜையில் அவளுடைய மணப்பாறை முறுக்குப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்வீட் பாக்ஸ் திறந்து கிடந்தது. பிலோமின்ராஜின் நண்பர் பிராங்க்ளின் வியாழக்கிழமை கொண்டுவந்து கொடுத்தது. அவருடைய மகன் ஆசீருக்கு ஷார்ஜாவில் வேலை கிடைத்து விசா வந்துவிட்டதாம். ஞானஸ்நானத்தில் ஆசீருக்கு ஞானத்தகப்பனாக நின்றவர் பிலோமின்ராஜ்தான். சர்க்கரை நோயாளி என்பதையும் மறந்து அன்றைக்கு மூன்று லட்டு சாப்பிட்டார்.

"பிராங்க்ளினே டிஸ்க் செத்துப்போச்சுன்னு சொல்லிட்டான். அவன் சொன்னா சொன்னதுதான்" என்றார்.

அதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். புத்தூரில் இருபது வருஷமாகக் கம்ப்யூட்டர் கடை நடத்துகிறவன். அதற்கு முன்னால் கல்யாண வீடியோக்காரன். தேய்ந்து போன டிஸ்க் எதுவானாலும் ஊரில் பாதிப்பேர் அவனிடம்தான் கொண்டுபோவார்கள். இந்த வழக்கில் டிஸ்க்கைத் துடைத்துக் கொடுத்ததும் அவன்தான், அதைப் படிக்கத் தோதான டிரைவ் இதுதான் என்று இந்தத் தட்டை டிரைவைத் தேர்ந்து கொடுத்ததும் அவன்தான்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சுராயா வந்தார். ஐம்பது வயதுக்காரர். பெரிய கடை வீதிக்குப் பின்னால் உள்ள சந்தில் அவருடைய வீடு. அந்த வீடுதான் இப்போது பிரச்சினை.

"ஏதாச்சும் தெரிஞ்சுதா அண்ணே?" என்றார் நின்றுகொண்டே.

"உக்காருங்கம்மா. இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

"திங்கக்கிழமை கேஸு. வக்கீல் போன் மேல போன் போடுறாரு. அந்த சிடியைக் காட்டலன்னா என் தம்பி சொல்றதுதான் நிக்குமாம்." சுராயா முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். "எங்க அத்தா அம்புட்டு பேர் முன்னாடி குடுத்தாரு. நான் பொய் சொல்லல அண்ணே."

வழக்கு இவ்வளவுதான். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் சுராயாவின் மகள் ஹஃப்ஸாவின் நிக்காஹ் அன்று, சுராயாவின் தந்தை ஹனீஃபா எழுந்து நின்று, இந்த வீட்டை மகள் சுராயாவுக்குக் கொடுத்துவிட்டேன் என்று சபையில் சொன்னார். பத்திரம் எழுதவில்லை. இஸ்லாமியச் சட்டப்படி அது தேவையும் இல்லை. கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும், ஏற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும், பொருளைக் கையில் ஒப்படைக்க வேண்டும். மூன்றும் நடந்தால் அதற்கு ஹிபா என்று பெயர், வாய்வார்த்தையே செல்லும். ஹனீஃபா சாவியையும் கொடுத்தார். இப்போது ஹனீஃபா இல்லை. சாட்சிகளில் ஒருவர் காலமாகிவிட்டார், இன்னொருவர் கட்சி மாறிவிட்டார். ஷார்ஜாவில் கடை வைத்திருக்கும் தம்பி ரஃபீக், அப்படி ஒன்று நடக்கவே இல்லை, மகன் என்ற முறையில் மூன்றில் இரண்டு பங்கு எனக்கு, வீட்டை விற்க வேண்டும் என்று வந்து நிற்கிறார். நடந்ததற்கு மிச்சமிருக்கும் ஒரே சாட்சி அந்த நிக்காஹ் வீடியோ.

"அவன்தான் ஏதோ பண்ணிட்டான்" என்றார் சுராயா. "எங்கிட்ட இருக்கிற வரைக்கும் சிடி நல்லா ஓடும். ஹஃப்ஸா ரமலானுக்கு வந்தப்போகூடப் பாத்தோம். என் கூடப் பொறந்தவனே எனக்கு இப்படிப் பண்ணுவான்னு நான் நினைக்கலண்ணே."

அந்தக் குரலில் கோபத்தைவிடக் கூச்சம்தான் அதிகம் இருந்தது. சொந்தத் தம்பியைப் பற்றி வெளியாளிடம் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற கூச்சம். பிலோமின்ராஜுக்குக் கேட்கவே கஷ்டமாக இருந்தது.

சுராயா போனதும் ஜெஸிமா முறுக்கை ஓரமாக வைத்தாள். "சார், ரமலானுக்கு ஓடின டிஸ்க் நம்ம கைக்கு வந்து ஒரே வாரத்துல எப்படிச் சாகும்? நம்ம ஆபீஸ் அவ்ளோ ராசியா?"

"பிராங்க்ளின்..."

"அவர் டாக்டர்னே வச்சுக்குவோம். இன்னொரு டாக்டர்கிட்ட காட்டுறதுல தப்பில்ல. ஸ்ரீரங்கத்துல ஒரு அம்மா இருக்காங்க. பழைய உபன்யாசம், கல்யாணம், பூணூல்னு கீறல் விழுந்த டிஸ்க்கையெல்லாம் படிச்சுக் குடுக்கறாங்களாம். வாங்க."

நண்பனுக்குத் தெரியாமல் இன்னொரு ஆளிடம் போவது பிலோமின்ராஜுக்குத் துரோகமாகப் பட்டது. வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு, காவிரிப் பாலத்து நெரிசலில் ஜெஸிமாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தார்.

வடக்கு உத்திர வீதியில், ஜெஸிமா சொன்ன வேதவல்லியின் வீட்டு முன்னறை முழுக்க ஒயர்கள். நாற்பது வயதிருக்கும், நெற்றியில் சிவப்புச் சூர்ணக் கோடு, காதில் ஹெட்போன். மேஜையில் நாலு டிரைவ்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் செங்கல் கனம்.

"வாங்கோ, உட்காருங்கோ" என்றவர் ஜெஸிமா கொண்டுவந்திருந்த தட்டை டிரைவைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "இதுலயா கீறல் விழுந்த டிஸ்க்கப் போட்டேள்? இத யார் வாங்கிக் குடுத்தா உங்களுக்கு?"

"ஏங்க, இதுக்கு என்ன குறை?" என்றார் பிலோமின்ராஜ். நண்பனுக்காக ரோஷம் வந்தது.

"புது டிஸ்க்குக்கு ஒரு குறையும் இல்ல. கீறல் இருந்தா உதவாது. லேப்டாப்லேர்ந்து வர்ற துளி கரண்ட்ல ஓடறது. டிஸ்க்க அசையாமப் பிடிச்சுக்கத் தெம்பு கிடையாது. கீறல் வந்தாத் திணறிட்டு நின்னுடும்." தன் டிரைவ்களைத் தட்டிக் காட்டினார். "கீறலுக்குன்னா முழு சைஸ் வேணும், தனிக் கரண்ட் வேணும், மெதுவாச் சுத்த விடத் தெரியணும். இதுல எது ஒசத்தின்னு கேட்டா எங்கிட்ட பதில் கிடையாது. ஒண்ணு விட்டத இன்னொண்ணு படிக்கும். அதான் நாலு வச்சிண்டிருக்கேன். கம்ப்யூட்டர் நாலையும் சேத்துக் கோத்துடும்."

"கூட்டுக் குடும்பம்" என்றாள் ஜெஸிமா.

வேதவல்லி சிரித்தார். "இதெல்லாம் என் மூளை இல்ல. புத்தூர்ல பிராங்க்ளின்னு ஒருத்தர் கடை வச்சிண்டிருக்கார். நாலையும் அவர்ட்டேர்ந்துதான் வாங்கினேன். அவர்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னார், கீறல் டிஸ்க்க லேப்டாப் டிரைவ் கிட்டயே கொண்டு போகாதீங்கோன்னு. டிஸ்க்கத் தொடறதுக்கு முன்னாடி முதல்ல கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி எடுத்து வச்சுக்கணும், அப்புறந்தான் துடைக்கறதுன்னு சொல்லிக் குடுத்ததும் அவர்தான்."

ஜெஸிமா பிலோமின்ராஜைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். அவருக்குக் காது சூடானது. ஊருக்கெல்லாம் சரியாகச் சொல்கிறவன் எனக்கு மட்டும் தப்பாகச் சொல்லியிருக்கிறான். தெரியாமல் சொல்ல அவனால் முடியாது.

"டிஸ்க்கப் போடுங்க" என்றார்.

செங்கல் டிரைவ் சத்தமே இல்லாமல் விழுங்கியது. திரையில் ரோஜாப்பூக்கள் பறந்தன, இதயங்கள் வெடித்தன, ஹஃப்ஸாவின் பெயர் தங்க எழுத்தில் சுழன்றது. செத்துப்போன டிஸ்க் பிரமாதமாக ஓடியது. வேதவல்லி வேகமாக நகர்த்தினார். நிக்காஹ் முடிந்தது. வெள்ளைத் தொப்பியோடு ஹனீஃபா எழுந்தார். கையில் சாவிக்கொத்து. "பிஸ்மில்லாஹ். சபையோருக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன். இந்த வீட்டை..."

படம் உறைந்தது. பச்சைக் கட்டங்கள். அடுத்து படம் வந்தபோது பந்தியில் யாரோ பிரியாணிக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

"வீடு போச்சு, பிரியாணி பிழைச்சுது" என்றாள் ஜெஸிமா. இந்த முறை அவளுக்கே சிரிப்பு வரவில்லை.

மீதி மூன்று டிரைவ்களிலும் போட்டுப் பார்த்தார்கள். மூன்றும் அதே இடத்தில் நின்றன. வேதவல்லி டிஸ்க்கை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்.

"இங்க பாருங்கோ. நடுவுலேர்ந்து விளிம்பு வரைக்கும் குறுக்கும் நெடுக்குமா எத்தனை கோடு. இதெல்லாம் கை பட்டு, உறை பட்டு விழுந்தது. இதையெல்லாம் டிரைவ் தாண்டிப் போயிடும். ஆனா இது?" விளிம்புக்குச் சற்று உள்ளே ஒரு வளையம். அரிசி அகலம்தான். வட்டம் பிசகாமல் ஒரு சுற்று. "டிஸ்க்குல படம் உள்ளேர்ந்து வெளில சுத்திச் சுத்திப் பதிஞ்சிருக்கும். அதோட போக்குலயே கீறினா தாண்ட வழியில்ல. மொத்தமா ஏழு நிமிஷம் போயிடுத்து. கோவத்துல கீறறவா சர்ருன்னு குறுக்கதான் இழுப்பா. இது விஷயம் தெரிஞ்ச கை."

"அதோட, எந்த ஏழு நிமிஷம்னும் தெரிஞ்ச கை" என்றார் பிலோமின்ராஜ் மெதுவாக. "முழுசாப் பாத்தவன்தான் கீறியிருக்கான்."

ஜெஸிமா தன் போனை நீட்டினாள். சுராயா முதல் நாள் டிஸ்க்கைக் கொண்டுவந்தபோது, அதைக் கண்ணாடி மாதிரிப் பிடித்து முக்காட்டைச் சரிசெய்து அவள் எடுத்த செல்ஃபி. பெரிதாக்கினாள். குறுக்குக் கோடுகள் இருந்தன. வளையம் இல்லை.

"இது போன வாரம் சனிக்கிழமை, சார். திங்கக்கிழமை வரைக்கும் நம்ம பீரோவுல இருந்துது. அப்புறம் புதன்கிழமை வரைக்கும்..."

"தெரியும்" என்றார். "சொல்லாதே."

சொல்லாவிட்டால் மட்டும் இல்லாமல் போய்விடுமா என்ன. திரும்பி வரும் வழியெல்லாம் அவருக்குப் பிராங்க்ளின் நினைப்புதான். அப்பாவைப் புதைத்த அன்று தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவன். அவனிடம் காட்டாமல் வேறு ஆளிடம் போகிறோமே என்று பாலத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு வந்தாரே, அந்த வெட்கத்தை நினைக்க நினைக்கத்தான் ஆத்திரம் கூடியது.

புத்தூர்க் கடையில் மத்தியான வெயிலுக்கு ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பிராங்க்ளின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"என்னடா, இந்த நேரத்துல? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டாச்சு." பிலோமின்ராஜ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், ஜெஸிமா பக்கத்தில் நின்றாள். "அந்த நிக்காஹ் டிஸ்க்கை முழுசாப் பாத்தாச்சுடா. எல்லாம் சரியா இருக்கு. உனக்குச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

பிராங்க்ளினின் முகத்தில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு தோள் இரண்டும் இறங்கின. "நெசமாவா?" என்று கேட்டார், ஏதோ பெரிய பாரம் கழன்றவர் போல. "நல்லதுடா. ரொம்ப நல்லது." பேசிக்கொண்டே அவருடைய வலது கை மௌஸுக்குப் போனது. ஒரு ஃபோல்டரைத் திறந்தது. 'சுராயா நிக்காஹ்' என்ற பெயரின் மேல் அம்புக்குறி நின்றது. அழிக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது.

ஜெஸிமா எட்டி மௌஸின் ஒயரைப் பிடுங்கினாள். "போதும்ணே. கையை எடுத்துக்கங்க."

பிராங்க்ளின் தன் கையையே பார்த்தார். கஸ்டமர் வந்து, பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது என்று சொல்லும்வரை கடையில் இருக்கும் காப்பியை அழிக்கக் கூடாது. சொன்னவுடன் அழித்துவிட வேண்டும், அடுத்தவர் வீட்டுக் கல்யாணம் நம்மிடம் கிடக்கக் கூடாது. இருபது வருஷமாக அவர் வைத்திருந்த கட்டுப்பாடு அது. மூளை யோசிப்பதற்குள் கை வேலையை முடிக்கப் பார்த்துவிட்டது.

"நீ காப்பி எடுக்காமத் துடைச்சிருக்க மாட்டேன்னு தெரியும்" என்றார் பிலோமின்ராஜ். "இன்னும் வச்சிருக்கியான்னுதான் தெரியல. டிஸ்க்குல ஏழு நிமிஷம் இல்ல. இதுல இருக்கா?"

"முழுசா இருக்கு."

"மூணு நாளா நாங்க அந்தத் தட்டை டிரைவ்ல மாரடிச்சுக்கிட்டிருந்தோம். அந்தம்மா தினம் மாடியேறி வந்து நின்னாங்க. உங்கிட்ட முழுசா இருந்துது."

"நான்தான் கீறினேன்" என்றார் பிராங்க்ளின் அவசரமாக. "ஆசீரோட விசா ரஃபீக் குடுத்தது. அவர் போன் பண்ணிக் கேட்டாரு. நான்தான் பண்ணேன். என்ன பண்ணணுமோ பண்ணிக்க."

இத்தனை சுலபமாக யாரும் ஒப்புக்கொள்வதில்லை. முப்பது வருஷத் தொழிலில் பிலோமின்ராஜ் பார்த்தவரை, எடுத்த எடுப்பிலேயே ஒப்புக்கொள்கிறவன் வேறு யாருக்கோ குடை பிடிக்கிறான்.

"கீறினவன் காப்பியை அன்னிக்கே அழிச்சிருப்பான். உனக்கு மனசு வரல. கீறினது நீ இல்லடா, நீ கண்டுபிடிச்சு மூடி மறைச்சே." நிறுத்தினார். அடுத்ததை யோசிக்க அவருக்கே பயமாக இருந்தது. "இந்த டிஸ்க் ஒண்ணு இருக்குன்னோ, உன் கடைக்கு வரப்போகுதுன்னோ ரஃபீக்குக்கு எப்படித் தெரியும்? சுராயா சொல்லல. ஜெஸிமா சொல்லல. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு உன் வீட்டுல சாப்பிடறப்போ நான்தான் பெருமையா உளறினேன். அப்போ அங்க..."

உள் அறைக் கதவு திறந்தது. ஆசீர் வந்து நின்றான். இருபத்தாறு வயது. புது ஜீன்ஸ், புது ஷூ, பயணத்துக்கு வாங்கியது.

"அப்பாவை விடுங்க பெரியப்பா. அப்பா கடைல பழகின கைதான், கீறினது நான்; அவரு கீறலைப் பாத்ததே மறுநாள்தான். நாந்தான் ரஃபீக் பாயைத் தேடிப் போனேன். அவரு என்னைக் கூப்பிடல."

பிலோமின்ராஜ் ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"நாலு வருஷம் சும்மா இருந்தேன்" என்றான் ஆசீர். தலை குனியவில்லை. "உங்ககிட்ட எத்தனை தடவை கேட்டிருப்பேன், யார்கிட்டயாச்சும் ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு. பாக்கலாம் பாக்கலாம்னீங்க. அந்தம்மாவுக்கு வீடு போனாலும் மூணுல ஒரு பங்கு வந்துரும். எனக்கு எதுல பங்கு இருக்கு?"

"அதுக்கு?" என்றார் பிலோமின்ராஜ். "உன்னை நம்பித்தானேடா உன் முன்னாடி பேசினேன்."

"தப்புதான்." அவன் ஒரு அடி முன்னால் வந்தான். "திங்கக்கிழமை ராத்திரி எனக்கு ஃப்ளைட். கேஸும் திங்கக்கிழமை. வக்கீல்கிட்ட சொல்லி ஒரே ஒரு நாள் தள்ளிப் போடச் சொல்லுங்க. செவ்வாய்க்கிழமை காலைல காப்பியைக் குடுத்துருங்க. நான் அங்க போய் இறங்கிட்டா அப்புறம் என்ன வேணாலும் ஆகட்டும். ஒரு நாள் பெரியப்பா. உங்களுக்கு அது ஒண்ணுமே இல்ல."

பிராங்க்ளினும் நிமிர்ந்து நண்பனின் முகத்தைப் பார்த்தார். கேட்டுப் பார்க்கட்டுமே, இவன் ஒப்புக்கொண்டாலும் ஒப்புக்கொள்வான் என்ற நப்பாசை அந்தப் பார்வையில் இருந்தது. கீறலைவிட, தட்டை டிரைவைவிட, பிலோமின்ராஜுக்கு அந்தப் பார்வைதான் தாங்க முடியாததாக இருந்தது. என்னை இவர்கள் இவ்வளவுதான் எடை போட்டு வைத்திருக்கிறார்கள்.

"ஜெஸிமா, காப்பியைப் பென் டிரைவ்ல எடு. ரெண்டா எடு."

ஜெஸிமா மௌஸை மறுபடி சொருகினாள். அது முடியும்வரை நாலு பேரும் திரையில் ஒரு பச்சைக் கோடு நீள்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அவள் அந்த ஏழு நிமிஷத்தை ஓட்டிச் சரிபார்த்தாள். ஹனீஃபா சாவியை நீட்டினார். சுராயா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "ஏத்துக்கிட்டேன் அத்தா" என்றார். அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

ஆசீர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். "பிலோமின்" என்றார் பிராங்க்ளின். பிலோமின்ராஜ் திரும்பாமல் ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்தார்.

வெயிலில் நின்று சுராயாவுக்குப் போன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்தார்.

"கிடைச்சிருச்சும்மா. அத்தா சொன்னது, நீங்க ஏத்துக்கிட்டது, சாவி குடுத்தது, எல்லாம் முழுசா இருக்கு. நேரா வக்கீல் வீட்டுக்கு வந்துருங்க. நாங்களும் வர்றோம்."

மறுமுனையில் அழுகை. அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று நாலைந்து தடவை கேட்டது. பிறகு சுராயா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கேட்கப் பயந்த மாதிரிக் கேட்டார்.

"யாரு அண்ணே சிடியை இப்படிப் பண்ணினது? என் தம்பியேதானா?"

ஜெஸிமா ஸ்கூட்டரைக் கிளப்பாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க தம்பி கை வைக்கலம்மா" என்றார் பிலோமின்ராஜ். "எங்க வீட்டுப் பிள்ளை."